குடும்ப மரத்தை இடம் மாற்றும்போது உதிர்வது எது?

டொரண்டோவில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு எங்கள் குடும்ப மரத்தின் கோப்பை அனுப்பினேன். 400 சொச்சம் பேர், 3 வருஷ வேலை. மறுநாள் ஃபோனில் அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, எல்லாரும் இருக்காங்க, ஒருத்தர் மூஞ்சியும் இல்லையே?" பாட்டியின் கல்யாணப் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். அவனுக்குப் போய்ச் சேர்ந்தது படம் இல்லை, படம் இருக்கும் விலாசம்: டி டிரைவ், பழைய படங்கள், பாட்டி 3. அந்த டி டிரைவோ மதுரையில் என் மேஜைமேல் இருந்தது.

ஒரு வம்சாவளி மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுபோகும் பொதுவான கோப்பு வகைக்கு ஜெட்காம் என்று பெயர். அமெரிக்காவின் மார்மன் சபை 1984-இல் உருவாக்கியது. புழக்கத்தில் இன்னும் நிறையத் தென்படுவது 5.5.1 பதிப்பு, 1999-இல் வரைவாக வந்து, 2019-இல்தான் இறுதியானது. இது வெறும் எழுத்துக் கோப்பு. இதில் படம் அடங்காது. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்புதான் அடங்கும். 2021-இல் வந்த 7.0 பதிப்பில் படங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்ப வழி உண்டு, ஆனால் வாங்குபவரின் மென்பொருளுக்கு அது புரிய வேண்டும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் படங்களோடு பொட்டலமாக ஏற்றுமதி செய்யலாம், இரண்டு பக்கமும் கிராம்ப்ஸ் இருந்தால். இல்லையென்றால் படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, கோப்போடு சேர்த்து ஜிப் செய்து அனுப்புங்கள்.

படம் போனால் பளிச்சென்று தெரிந்துவிடும். சத்தமில்லாமல் காணாமல் போகிறவைதான் ஆபத்து. அதில் பெரும்பகுதி நம் ஊர் விஷயங்கள், ஏனென்றால் இந்தக் கோப்பு வகையை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது குடும்பப் பெயர் உள்ள குடும்பங்கள்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மு. சண்முகம்' என்று ஒரே கட்டத்தில் தட்டினால், பல மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். சண்முகம் குடும்பப் பெயர், 'மு.' அவர் பெயர்! கூடப் பிறந்த மூன்று பேரும் அகரவரிசைப் பட்டியலில் மூன்று வேறு குடும்பமாக நிற்பார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதும் சரிப்படாது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும், பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடும். என் யோசனை: பெயர்க் கட்டத்தில் 'சண்முகம்' மட்டும், குடும்பப் பெயர் காலி, இனிஷியலோடு எழுதும் வடிவத்தை மாற்றுப் பெயராகச் சேர்ப்பது. அப்பா யார் என்பதை மரமே சொல்லிவிடும்.

அப்புறம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். ஏற்கெனவே இருக்கும் மரத்தின்மேல் புதுக் கோப்பை இறக்கினால் ஒரே ஆள் இரண்டு தடவை வருவார். 'ஒரே பெயருள்ளவர்களை இணைக்கவா?' என்று மென்பொருள் கேட்கும். மொத்தமாகச் சரி என்று அழுத்தினால், 1890-களில் பிறந்த சண்முகமும் 1950-களில் பிறந்த சண்முகமும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தாய்மாமனே மாமனாராகவும் இருக்கும் வீட்டில், அவரை இரண்டு புது ஆட்களாகப் பதிந்துவிடுவது. அக்கா மகளைக் கட்டியவர் இருந்தால் மென்பொருள் சில சமயம் எச்சரிக்கை காட்டும். பயப்பட வேண்டாம், உறவு உண்மையென்றால் அப்படியே விடுங்கள்.

தேதியில் ஒரு நல்ல கண்ணி இருக்கிறது. பழைய ஜாதகத்தில் 'பிரமாதி வருஷம் தை மாதம்' என்று இருக்கும். பிரமாதி என்றால் 1939 என்று பட்டியலைப் பார்த்து எழுதிவிடுவோம். ஆனால் தமிழ் வருஷம் பிறப்பது ஏப்ரல் நடுவில். அந்தத் தை மாதம் விழுவது 1940 ஜனவரி, பிப்ரவரியில். அதுவும் 60 வருஷச் சுழற்சி ஆயிற்றே, ஜாதகம் தாத்தாவுடையதா அவருடைய தாத்தாவுடையதா என்று பார்க்காவிட்டால் அது 1880 ஆகவும் இருக்கலாம். தேதிக் கட்டத்தில் 'தோராயமாக 1940' என்று போட்டு, ஜாதக வரியை அப்படியே குறிப்பில் எழுதி வையுங்கள். 'தை 10' என்று தேதிக் கட்டத்திலேயே எழுதினால் அடுத்த மென்பொருள் அதைத் தேதியாகவே ஏற்காமல் போகலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி என்று சந்தேகம் இருந்தால், ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் என்று குறித்துவிடுவது நல்லது.

ஊர்ப் பெயரைப் 'புதுப்பிக்க' வேண்டாம். 1940-இல் கோவில்பட்டி இருந்தது சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில். தூத்துக்குடி மாவட்டம் பிறந்ததே 1986-இல். பழைய பத்திரம் தேடுகிறவருக்கு அந்தப் பழைய பெயர்தான் உதவும்.

தமிழில் பதிந்திருந்தால் ஏற்றுமதியின்போது எழுத்துக் குறியாக்க முறை (encoding) கேட்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்பதைத் தவிர எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மற்ற பலவற்றில் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யாழ்ப்பாணத்து உறவுகளிடமிருந்து வரும் பழைய கோப்புகளில் பாமினி எழுத்துரு இருந்தால் கதை வேறு. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகுதான் இறக்க வேண்டும்.

குலதெய்வம், கோத்திரம், நட்சத்திரம் இவற்றுக்கெல்லாம் மென்பொருளில் சொந்தமாகக் கட்டம் உருவாக்கியிருப்பீர்கள். ஏற்றுமதி செய்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு அடுத்து அடிக்கோட்டில் (_) தொடங்கும் குறிச்சொல் இருந்தால், அது உங்கள் மென்பொருளுக்கு மட்டும் தெரிந்த பாஷை. மற்றது அதைத் தூக்கி எறிய வாய்ப்பு அதிகம். முக்கியமானதைச் சாதாரணக் குறிப்பிலும் ஒரு வரி எழுதி வைக்கலாம். சுவீகாரம் போன பிள்ளைக்கும் அப்படியே.

'உயிரோடு இருப்பவர்களை மறை' என்ற பெட்டியையும் கவனியுங்கள். இணையத்தில் ஏற்றும்போது அது டிக் ஆகியிருக்க வேண்டும். குழந்தைகளின் பிறந்த தேதி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. சொந்தக் காப்புப் பிரதி எடுக்கும்போது டிக் இருக்கக் கூடாது, இருந்தால் பாதிக் குடும்பம் பெயரில்லாமல் கிடக்கும்.

ஒரே மென்பொருளை நம்பி இருப்பதும் தவறுதான். பலர் நம்பியிருந்த பி.ஏ.எஃப். என்ற வம்சாவளி மென்பொருள் 2013-இல் நிறுத்தப்பட்டது. ஃபேமிலி ட்ரீ மேக்கர் என்ற இன்னொரு மென்பொருளையும் நிறுத்தப்போவதாக 2015 டிசம்பரில் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் வேறு நிறுவனம் வாங்கியதால் பிழைத்தது. மாறிய பிறகும் பழைய மென்பொருளின் சொந்தக் கோப்பை அழிக்காதீர்கள். புதியதில் ஒரு காலி மரத்தில் இறக்கி, ஆட்கள், குடும்பங்கள், குறிப்புகள், படங்கள் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாராளமாகக் குறிப்பு எழுதிய நாலைந்து பேரைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள்.

இரண்டாவது தடவை ஜிப் செய்து அனுப்பினேன். படங்கள் எல்லாம் வந்துவிட்டன. "அண்ணே, பாட்டிக்குப் பக்கத்துல தொப்பி வச்சுட்டு நிக்கிறது யாரு?" என்றான். கோப்பில் 'பாட்டி 3' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அத்தைக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.