நிர்வாண ஓவியங்கள்: பார்ப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில், தலைப்பை நம்பிவிடாதீர்கள். ஃபிளாரன்ஸ் நகரின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் தித்தியான் வரைந்த ‘உர்பினோவின் வீனஸ்’ இருக்கிறது. பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் கண் ரோமானியக் காதல் தேவதையைத் தேடும். படத்திலோ கடல் இல்லை, சிப்பி இல்லை, வில்லேந்திய க்யூபிட் இல்லை. ஒரு பெண் கட்டிலில் சாய்ந்தபடி நம்மை நேராகப் பார்க்கிறாள். காலடியில் நாய் தூங்குகிறது. பின்னால் இரண்டு பணிப்பெண்கள் பெட்டியைத் திறந்து துணி எடுக்கிறார்கள். இதை வாங்கிய கிதோபால்தோ டெல்லா ரோவெரே, 1538இல் தன் ஆளுக்கு எழுதிய கடிதத்தில் ‘நிர்வாணப் பெண்’ படம் என்றுதான் சொல்கிறார். பத்தாண்டு கழித்து அதைப் பார்த்த, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரிதான் அவளை வீனஸ் ஆக்கினார்.

இது தெரிந்ததும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள்: தேவதை என்பதெல்லாம் சாக்கு, உள்ளே இருப்பது காமம்தான் என்று. அதுவும் அவசர முடிவு. அவள் கையிலுள்ள ரோஜாவும் சன்னலில் தெரியும் மர்ட்டில் செடியும் வீனஸுக்கு உரியவை. பின்னால் தெரிவது போன்ற பெட்டிகள் அக்கால இத்தாலியில் கல்யாணச் சீரோடு வந்தவை. திருமணப் படமா, கணிகையின் படமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்பது என் கட்சி.

படம் எங்கே மாட்டப்பட்டிருந்தது என்று கேட்காமல் விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். இன்று எல்லா ஓவியங்களும் ஒரே மாதிரிச் சுவரில், ஒரே வெளிச்சத்தில், டிக்கெட் வாங்கிய யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் திருச்சபையின் விசாரணை மன்றம் இத்தகைய படங்களைக் கண்டித்தது. அரசரும் பிரபுக்களும் அவற்றைத் தங்கள் தனியறைகளில் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி பார்க்கும் வீனஸை ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் வரைந்தார். அது அப்படியொரு பிரபுவின் உடைமைப் பட்டியலில் 1651இல் இடம்பெறுகிறது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே படம் ஸ்பெயினின் அதிகாரமிக்க அமைச்சர் கோதோயின் அந்தரங்க அறைக்குப் போனது. ஓவியர் கோயாவின் ‘நிர்வாண மாஹா’வும் அவரிடம்தான் இருந்தது. கோதோய் வீழ்ந்து சொத்துகள் பறிமுதலான பின், 1815இல் விசாரணை மன்றம் கோயாவுக்கு ஆணை அனுப்பியது: இதை யார் சொல்லி வரைந்தாய், எதற்காக வரைந்தாய்? அவருடைய பதில் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனால் ஒன்று, விசாரணை மன்றம் கேட்டது நாம் வழக்கமாகக் கேட்பதைவிட நல்ல கேள்வி. நாம் கேட்பது ‘படுத்திருப்பது யார்?’ என்று. ஆல்பா சீமாட்டியா, கோதோயின் காதலி பெப்பிதா துதோவா என்று இருநூறு ஆண்டுகளாக வம்பு ஓடுகிறது. எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

‘மதம் எப்போதும் நிர்வாணத்துக்கு எதிரி’ என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு வாக்கியம். போப்பின் சொந்தச் சிற்றாலயமான சிஸ்டைனில், பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில்தான் மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை ‘இறுதித் தீர்ப்பு’ வரைந்தார். சுவர் முழுக்க உடல்கள், பெரும்பாலும் துணியின்றி. கல்லறையிலிருந்து எழுந்து தீர்ப்புக்கு நிற்பவனுக்குப் பட்டு அங்கியும் கந்தலும் ஏது? எதிர்ப்பு வராமல் இல்லை, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. போப்பின் சடங்கு அதிகாரி பியாஜியோ, குளியல் கூடத்திலும் மதுக்கடையிலும் இருக்க வேண்டிய படம் இது என்றாராம். மைக்கேலாஞ்சலோ அவர் முகத்தையே நரக நீதிபதி மினோஸுக்குக் கொடுத்துவிட்டார் என்று வசாரி எழுதுகிறார். மினோஸின் கழுதைக் காதையும் அவனைச் சுற்றிய பாம்பையும் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்தச் சுவரில் இன்று தெரிவதெல்லாம் மைக்கேலாஞ்சலோ வரைந்ததே என்று நினைக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் எடுத்த முடிவுகளுக்குப் பின், 1565இல் டானியேலே டா வொல்தேரா என்ற ஓவியர் இடுப்புத் துணிகளைச் சேர்த்தார். அவர் மைக்கேலாஞ்சலோவின் நண்பர், அவர் கலையின் ரசிகர். இருந்தும் ‘கால்சட்டை போட்டவர்’ என்ற பட்டப்பெயர்தான் அவருக்கு மிஞ்சியது. பின்வந்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் துணி சேர்த்தார்கள். 1994இல் முடிந்த சீரமைப்பில் பிற்காலத் துணிகள் பலவற்றை அகற்றினார்கள். டானியேலே வரைந்தவற்றை வரலாற்றுச் சான்று என்று விட்டுவைத்தார்கள். மூலத்தின் தோற்றம் வேண்டுமானால் மார்செல்லோ வெனுஸ்தி 1549இல் எடுத்த சிறிய பிரதி நேப்பிள்ஸில் இருக்கிறது.

முன்னோர் கூச்சப்பட்டார்கள், நாம் மெல்ல மெல்ல விடுதலை அடைந்தோம் என்ற கதையும் இதோடு ஆட்டம் காண்கிறது. மசாச்சோவின் ஆதாமும் ஏவாளும் 1420களில் ஃபிளாரன்ஸ் தேவாலயச் சுவரில் அம்மணமாகத்தான் அழுதுகொண்டு வெளியேறினார்கள். இலைகளை வரைந்து மூடியது சுமார் 1680இல், அகற்றியது 1980களில். பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்தில் வான் ஐக் 1432இல் முடித்த ஆதாம் ஏவாளின் முன் மூன்றரை நூற்றாண்டு வழிபாடு நடந்தது. பிறகு 1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் முகம் சுளித்தார், பலகைகள் இறக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு உடை அணிந்த ஆதாமும் ஏவாளும் வந்தார்கள். ஜப்பானில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் குளிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்த நாடு அது. அங்கே 1901இல் குரோதா செய்கியின் நிர்வாண ஓவியத்தைக் காவல்துறை சொல்லி, இடுப்புக்குக் கீழே துணி சுற்றி வைத்தார்கள். உடலைக் காண்பது பழக்கம்தான். அதைச் சட்டமிட்டுக் கண்காட்சியில் மாட்டுவதுதான் புதிது.

உடற்கூறு சரியா என்று எண்ணிப் பார்ப்பது சிறிய தவறு, ஆனால் பலருக்கும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814இல் வரைந்த ‘பெரிய ஒடலிஸ்க்’ (அந்தப்புரப் பெண்) 1819இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சாலோனுக்கு வந்தபோது, முதுகில் மூன்று எலும்பு அதிகம் என்று கேலி செய்தார்கள். ஆங்க்ருக்கு வரையத் தெரியாமல் இல்லை. அந்த நீண்ட வளைவு வேண்டுமென்றே இழுத்தது. சிஸ்டைன் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த லிபிய சிபில் என்ற குறிசொல்லும் பெண்ணின் தோள்கள் ஏன் அவ்வளவு திரண்டவை என்று கேட்பவர்கள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள முன்வரைவைப் பார்க்கலாம். அந்தப் பெண்ணுக்காக உட்கார்ந்து கொடுத்தவர் ஓர் ஆண்.

நிர்வாண ஓவியம் என்றாலே பெண் என்று நினைப்பதற்கும் இதுவே பதில். பயிற்சிக் கூடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் வரையப்பட்டது ஆண் உடல்தான். அந்த அறைக்குள் பெண் ஓவியர்களுக்கு இடமில்லை. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக் கழகம் 1768இல் தொடங்கியபோது ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரண்டு பெண்கள் நிறுவன உறுப்பினர்கள். சில ஆண்டுகளில் சொஃபனி என்ற ஓவியர் அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஒரே படத்தில் வரைந்தார். ஆண்கள் நிர்வாண மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இருவர் மட்டும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாகத் தெரிகிறார்கள். ஓரளவு துணி போர்த்திய மாடலை வரையப் பெண் மாணவிகளுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1893இல். புராண, வரலாற்றுக் காட்சிகளே உயர்ந்த வகை என்று மதிக்கப்பட்ட காலம் அது. நிர்வாண உடலை வரையக் கற்காதவர் அந்தப் பக்கம் போகவே முடியாது. பெரிய புராண ஓவியங்களில் பெண்களின் கையெழுத்து ஏன் குறைவு என்று கேட்பவர், திறமையைப் பேசுமுன் இந்தக் கதவைப் பார்க்க வேண்டும்.

அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனவர்களும் உண்டு. ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கி தந்தையின் பட்டறையில் கற்றவர். 17 வயதில், 1610இல், ‘சூசன்னாவும் முதியவர்களும்’ வரைந்தார். முந்தைய தலைமுறை ஓவியர் தின்தொரெத்தோவின் சூசன்னா தன் அழகைக் கண்ணாடியில் ரசித்துக்கொண்டிருப்பாள். முதியவர்கள் ஒளிந்து பார்ப்பார்கள். ஆர்தெமீசியாவின் சூசன்னா உடம்பை முறுக்கி, கைகளால் தள்ளி விலக்குகிறாள். அதே விவிலியக் கதைதான். மாடலாக இருந்து ஓவியராக மாறிய சுசான் வலதோன் 1909இல் தன்னையும் காதலனையும் ஏவாளும் ஆதாமுமாக வரைந்தார். பிறகு காட்சிக்கு வைக்க இலை சேர்க்க வேண்டியிருந்தது, ஆதாமுக்கு மட்டும்.

கடைசியாக பிரெஞ்சு ஓவியர் மனேயின் ‘ஒலிம்பியா’. 1865இல் பாரிஸ் அதிர்ந்தது நிர்வாணத்தைக் கண்டு என்று எழுதாத புத்தகம் குறைவு. சாலோன் சுவர்களில் நிர்வாணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் காபனெலின் ‘வீனஸின் பிறப்பு’ படத்தை மூன்றாம் நெப்போலியனே வாங்கியிருந்தார். ஒலிம்பியாவின் குற்றம் வேறு: அவள் அந்த நகரத்துக்காரி, அந்தக் காலத்துக்காரி, வாடிக்கையாளரை அளப்பதுபோல் பார்க்கிறாள். கூட்டத்தின் கோபத்துக்குப் பயந்து படத்தை எட்டாத உயரத்துக்கு மாற்றினார்கள். மாடலாக இருந்த விக்டோரின் மெராங் குடித்துச் சீரழிந்து இளமையிலேயே செத்தார் என்ற கதையையும் திருப்பிச் சொல்லாதீர்கள். அவரும் ஓவியர்; 1876 சாலோனில், மனேயின் படங்கள் நிராகரிக்கப்பட்ட ஆண்டில், அவருடைய படம் ஏற்கப்பட்டது. 1927 வரை வாழ்ந்தார். அதே படத்தில் பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் தாண்டிய விமர்சகர்கள் எத்தனையோ பேர். அவர் பெயர் லோர். மனேயின் குறிப்பேட்டில் முகவரியோடு இருக்கிறது.

கோதோயிடம் இருந்த அந்த வெலாஸ்குவெஸ் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில். 1914 மார்ச் 10 அன்று பெண்கள் வாக்குரிமை இயக்கத்தைச் சேர்ந்த மேரி ரிச்சர்ட்சன் வெட்டுக்கத்தியால் அதைக் கீறினார். ஆண்களின் பார்வையை எதிர்த்துக் கீறினார் என்று இப்போது எழுதுகிறார்கள். அன்று அவர் சொன்ன காரணம், அந்த இயக்கத்தின் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் கைது. ஆண்கள் நாள் முழுக்க அதை வாய்பிளந்து பார்த்தது பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னது 1952இல், ஒரு பேட்டியில். இரண்டையும் எழுதலாம், ஆண்டோடு சேர்த்து.