வளைகாப்பு ஹாலில் 50 மி.மீ.: பிரைமா, ஜூமா என்று குழம்பும்போது நடக்கும் தவறுகள்

அக்கா மகளுக்கு வளைகாப்பு. வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொண்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். ஒரு டியூப் லைட், இரண்டு குத்துவிளக்கு, மூலையில் ஒரு பீரோ. அந்த மாதம்தான் நான் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் வாங்கியிருந்தேன். பிரைம் என்றால் ஜூம் ஆகாது, ஒரே மி.மீ.தான். 'வெளிச்சம் கம்மியான இடத்துக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லை' என்று பத்துப் பேர் சொல்லி வாங்கியது. பீரோவில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்க்கிறேன், நாற்காலியில் பெண்ணும் பக்கத்தில் அவள் மாமியாரும் மட்டும்தான் ஃபிரேமுக்குள் இருக்கிறார்கள். "என்னப்பா, நாங்கல்லாம் விழறோமா?" என்றார் பெரியம்மா. "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க பெரியம்மா" என்றேன். அதற்கு மேல் எங்கே ஒட்டுவது? கடைசியில் குரூப் போட்டோவை ஒரு சித்தி மகன் செல்போனில் எடுத்தான். அக்கா வீட்டுச் சுவரில் இன்றைக்கும் தொங்குவது அந்தச் செல்போன் படம்தான். தாய்மாமன் கேமராவோடு நின்றும் பிரயோஜனமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். 50 மி.மீ. 'மனிதக் கண் பார்ப்பது மாதிரி இருக்கும்' என்ற பேச்சு ஃபிலிம் காலத்தது, ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்குச் சொன்னது. நம்மில் பலர் கையில் இருப்பது அதைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமரா. நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு. அதாவது 50 போட்டால் 75, 80 மாதிரி இறுகிப்போகும். கேனான் கிராப் கேமராவில் இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் 50 மி.மீ. பிடிக்கும் அகலம் சுமார் 1.1 மீட்டர். இரண்டு பேர் தோளை ஒட்டி நின்றால் சரி. அதே இடத்திலிருந்து 35 மி.மீ. என்றால் 1.6 மீட்டர், 24 என்றால் 2.3, கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸின் 18 என்றால் 3 மீட்டருக்கும் மேல். எனவே கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் அதிகம் படமெடுக்கும் அறையில் இஞ்ச் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் படித்த எந்த லென்ஸ் விமர்சனமும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

அடுத்த தவறு, பிரைம் என்றாலே வெளிச்சம், ஜூம் என்றாலே இருட்டு என்று நினைப்பது. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது எஃப் எண், அதாவது லென்ஸின் வாய் (அப்பர்ச்சர்) எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். பிரைம், ஜூம் என்ற பெயருக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. கேனானின் 24 மி.மீ. பான்கேக் (தட்டையான, சின்ன) லென்ஸ் பிரைம்தான், ஆனால் அதன் அப்பர்ச்சர் எஃப் 2.8. சிக்மா, டாம்ரான் இரண்டுமே கிராப் கேமராவுக்குச் செய்த 17-50 ஜூமிலும் அதே எஃப் 2.8தான். வெளிச்சத்துக்காக மட்டும் அந்த பான்கேக்கை வாங்கினால் கூடுதலாக ஒரு பைசா லாபமில்லை, எடை குறைவு என்பது வேறு விஷயம். மறுபக்கம், 2013ல் சிக்மா 18-35 மி.மீ. ஜூம் ஒன்றைக் கொண்டுவந்தது. முழு நீளத்துக்கும் எஃப் 1.8. அதன் எடை 810 கிராம். கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம். ஐந்து மடங்கு. இரண்டு மணி நேர விசேஷத்தில் அந்த வித்தியாசத்தை மணிக்கட்டு சொல்லும்.

ஜூம் லென்ஸின் மேல் 3.5-5.6 என்று எழுதியிருப்பதன் அர்த்தத்தையும் பலர் கவனிப்பதில்லை. 18ல் வைத்தால் எஃப் 3.5. முகத்தைக் கிட்டத்தில் பிடிக்கலாம் என்று 55க்குத் திருகினால் அது 5.6 ஆகிவிடும், வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். 'ஜூம் பண்ணாம எடுத்தா நல்லா வருது, ஜூம் பண்ணிக் கிட்டப் போனா கலங்குது, லென்ஸ் ரிப்பேரா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ரிப்பேர் இல்லை, லென்ஸே அப்படித்தான். எஃப் 1.8க்கும் 5.6க்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ பத்து மடங்கு. ஒரே அறை, ஒரே ஷட்டர் வேகம். 1.8ல் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 1600 போதுமென்றால் 5.6ல் கிட்டத்தட்ட 16,000 வேண்டும். கிட் லென்ஸிலிருந்து பிரைமுக்கு மாறியவர்கள் முதல் நாள் அப்படிக் குதிப்பது இதனால்தான். ஏற்கெனவே எஃப் 2.8 ஜூம் வைத்திருப்பவர் 1.8 பிரைமுக்கு மாறினால் கிடைப்பது இரண்டரை மடங்குகூட இல்லை. அந்தக் குதிப்பு அவருக்குக் கிடைக்காது.

'என் ஜூம்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கே, அது போதாதா?' நம் கை நடுங்குவதை அது சரிசெய்யும். எதிரில் இருப்பவர் அசைவதை அது என்ன செய்யும்? வளைகாப்பில் கன்னத்தில் சந்தனம் பூசும் கை, வளையலை உள்ளே தள்ளும் விரல்கள், குனிந்து குங்குமம் வைக்கும் தலை, எதுவும் ஒரு நொடி நிற்காது. ஷட்டரை 1/15 நொடியில் வைத்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் வாசிக்கலாம். வளையல் போடும் கை மட்டும் கரைந்து போயிருக்கும். ஆட்கள் இருக்கும் இடத்தில் 1/100க்குக் கீழே நான் போவதில்லை. கோயில் மண்டபத்துச் சிற்பம், வெறும் அறை, கோலம் என்றால் ஸ்டெபிலைசேஷன் உள்ள ஜூம் அருமையான பொருள்.

இனி, பிரைம் வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு. 1.8 இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் 1.8லேயே எடுப்பது. நானும் ஒரு வருடம் அப்படித்தான் எடுத்தேன். தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை முன்னால் குனிந்து முதல் முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் பின்னால் நின்று அடுத்த முடிச்சுகளுக்குத் தயாராக இருக்கிறார், நடுவில் பெண்ணின் முகம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடுக்கு. கிராப் கேமராவில் 50 மி.மீ.யை 1.8ல் வைத்து இரண்டு மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. அரைச் சாண். பெண்ணின் கண் தெளிவாக இருந்தால் மாப்பிள்ளை கலங்குவார்; தாலியைப் பிடித்தால் இருவரும் போனார்கள். எஃப் 4க்கு ஏற்றினால் ஒரு சாண் கிடைக்கும். அதற்கும் ஓரடி தள்ளி நின்றால் இன்னும் நல்லது.

இப்போது யோசியுங்கள். கல்யாணத்தில் எஃப் 4ல்தான் எடுக்கப்போகிறோம் என்றால், 1.8க்குக் கொடுத்த காசு அந்த நேரத்தில் எதற்கு உதவியது? முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரரின் லைட் மேடையை வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சப் பஞ்சமே இருக்காது. இருப்பது இடப் பஞ்சம். முன்னால் ஹோமம், இடப்பக்கம் ஐயர், வலப்பக்கம் வீடியோ ட்ரைபாட், பின்னால் அட்சதையோடு முட்டும் சொந்தக்காரர்கள். 'காலால் ஜூம் செய்' என்று பிரைம் பிரியர்கள் சொல்வார்கள். எந்தக் காலை எங்கே வைப்பது? கெட்டிமேளம் ஆரம்பித்து மூன்று முடிச்சு விழுவதற்குள் லென்ஸ் மாற்றவும் முடியாது. ஒரே கேமரா வைத்திருப்பவருக்குக் கல்யாண மேடையில் எஃப் 2.8 ஜூம்தான் என்பது என் கட்சி. பிரைம் அங்கே இரண்டாவது கேமராவில் இருந்தால் அழகு. அதிகாலையில் அலங்கார அறையில் பெண்ணுக்குப் பூ வைக்கும்போது, ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கும்போது, ஒற்றை முகம், ஒற்றை அடுக்கு, 1.8 கொண்டாட்டமாக வேலை செய்யும்.

அரங்கேற்றம், நாட்டியம் என்றால் கதை வேறு. எட்டாவது வரிசை நாற்காலியிலிருந்து 50 மி.மீ. போட்டால் மேடையும் திரைச்சீலையும் நன்றாக விழும், ஆடுகிற பெண் விரல் உயரம் இருப்பாள். அங்கே 85 எஃப் 1.8 அல்லது 70-200 எஃப் 2.8. சுழலும்போது 1/250கூடப் போதாது. ஆனால் தாளம் தெரிந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவு) முடிந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், கால் விழும் அந்த நொடியில் உடம்பு அப்படியே நிற்கும். அதை எதிர்பார்த்து அமுக்கினால் 1/100லும் கூர்மையாக வரும்.

பிரைமை முழுதாகத் திறந்துவிட்டு ஷட்டரை 1/500, 1/1000 என்று ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை மின்னி மங்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் மஞ்சள், அடுத்தது கறுப்பு, சில படங்களில் குறுக்கே பட்டை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். 1/100ல் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில கேமராக்களில் ஃப்ளிக்கரைக் குறைக்கும் வசதி மெனுவிலேயே இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கானின் பழைய 50 எஃப் 1.8 டி மலிவாகக் கிடைக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை. டி3500, டி5600 மாதிரி கேமராக்களின் உடம்பிலும் மோட்டார் இல்லை. மாட்டலாம், ஆட்டோ ஃபோக்கஸ் ஆகாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கும் 50 எஃப் 1.8 என்றால் பயமில்லை. இருட்டில் கையால் ஃபோக்கஸ் செய்து, அரைச் சாண் ஆழத்துக்குள் ஓடும் குழந்தையைப் பிடிப்பதெல்லாம் வேண்டாத வீம்பு.

லென்ஸோடு கடைக்காரர் தள்ளிவிடும் மலிவான யுவி ஃபில்டரை விசேஷ வீட்டில் கழற்றிவிடுங்கள். குத்துவிளக்கின் ஐந்து திரியும் தலைகீழாகப் பச்சை நிறத்தில் யார் முகத்திலாவது வந்து உட்காரும்.

ஐஎஸ்ஓ பயத்தையும் சொல்ல வேண்டும். '1600க்கு மேல போகவே மாட்டேன்' என்று சபதம் எடுத்தவர்கள்தான் தேவையில்லாமல் விலை உயர்ந்த பிரைம் வாங்குகிறார்கள். புள்ளிபுள்ளியாக வந்த படத்தை நாய்ஸ் குறைக்கும் மென்பொருளில் நிறையவே சரிசெய்யலாம்; லைட்ரூமில்கூட 2023லிருந்து ஏஐ வழியில் அதைச் செய்யும் கருவி இருக்கிறது. அசைந்து கலங்கிய கையை எதுவும் திரும்பக் கொண்டுவராது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கினால், அதிலும் புள்ளி வரத்தான் செய்யும்.

வாங்கும் முன் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கிட் லென்ஸை 35ல் வைத்து, ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு பிறந்தநாள் விழா முழுக்க அப்படியே எடுங்கள். அடுத்த விழாவில் 50ல் ஒட்டுங்கள். டேப்பைப் பிய்க்க எத்தனை முறை கை துறுதுறுத்தது என்று எண்ணினால் போதும். பழைய படங்களின் விவரத்தைத் திறந்தால் எந்த மி.மீ.யில் எடுத்தோம் என்பதும் அதிலேயே இருக்கும். நான் பார்த்தபோது வீட்டு விசேஷப் படங்கள் பெரும்பாலும் 20க்கும் 35க்கும் நடுவேதான் இருந்தன. 50 மி.மீ.யை ஒட்டி ஒற்றை முகங்கள் மட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் எந்த லென்ஸும் நல்ல லென்ஸாகத்தான் தெரியும். கூட வந்தவரைப் பொருள் அடுக்கும் அறை வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ நிறுத்தி, தலையை அசைத்துக்கொண்டே பேசச் சொல்லி, லென்ஸை முழுதாகத் திறந்து 1/125ல் இருபது படம் எடுங்கள். கண் இமை கூர்மையாக இருப்பவை எத்தனை என்று அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். இன்னும் பில் போடவில்லையே, முறைக்கட்டும்.