தென் அமெரிக்க முட்பனைகளைப் பிரித்தறியும் முறை
தென் அமெரிக்க முட்பனைகளை இனங்காண முற்படுவோர் பெரும்பாலும் முள்ளையே முதலில் பார்க்கின்றனர்; ஆனால் ஒரே மரத்தில்கூட வயதுக்கேற்ப முட்கள் மாறுவதாலும், புபூன்யா எனப்படும் பாக்ட்ரிஸ் கசிப்பேஸ் இனத்தில் முள்ளற்ற பயிர்வகைகளும் உள்ளமையாலும், அதை மட்டும் நம்புவது சரியன்று.

சிற்றிலையின் நுனியிலிருந்து தொடங்குவதே நன்று. அது கடித்துப் பிய்த்ததுபோல் ஒழுங்கின்றி முடிந்தால் பெரும்பாலும் ஐஃபேனிஸ் பேரினம். ஓலையின் முனை கொக்கிகளுடன் நீண்டு, மெல்லிய தண்டு பிற மரங்களில் பற்றி ஏறுமானால் அது டெஸ்மோன்கஸ். மெலிந்த தண்டுகள் புதராகக் கிளைத்திருப்பின் பாக்ட்ரிஸாக இருக்கக்கூடும், எனினும் இது உறுதியான அடையாளமன்று.

உண்மையான குழப்பம், ஒற்றைத் தண்டுடன் உயர்ந்து வளரும் மக்காவூபாவுக்கும் (அக்ரோகோமியா அக்யுலியாட்டா) டுக்குமாவுக்கும் (அஸ்ட்ரோகேரியம் அக்யுலியாட்டம்) இடையில்தான் எழுகிறது. டுக்குமா அமேசான் பகுதிக்குரியது. மக்காவூபா பிரேசிலின் செராடோ போன்ற திறந்த நிலங்களில் மிகுதி. டுக்குமாவின் சிற்றிலை அடிப்புறம் வெள்ளி வெண்மையாக இருக்கும் என்றாலும், மக்காவூபாவிலும் சில வேளைகளில் சாம்பல் பூச்சு காணப்படுவதால், கொட்டையைச் சோதிப்பதே சிறந்தது. இவையெல்லாம் தென்னையின் உறவினங்களாதலால் கொட்டை ஓட்டில் மூன்று கண்கள் இருக்கும்: அக்ரோகோமியாவில் அவை ஓட்டின் நடுப்பகுதியை ஒட்டியும், அஸ்ட்ரோகேரியத்தில் ஒரு முனையருகே, விண்மீன் வடிவில் விரியும் கருநார்களுக்கு இடையிலும் அமைந்திருக்கும்.