கச்சான் தெரிந்தவனுக்கு லிங்க்ஸ் கோல்ஃப்

எடின்பரோவில் வேலைக்குச் சேரப்போகும் சித்தப்பா மகன், "அண்ணே, செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஒரு கோல்ஃப் ஆட்டம் ஆடிடணும், என்ன பழகிக்கணும்?" என்றான். முதலில் நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வா என்றேன். சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லிங்க்ஸ் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே உழவுக்கு ஆகாமல் கிடந்த மணல்மேடு. நம்மூர்க் கணக்கில் புறம்போக்கு. அங்கே மேட்டைப் பிடித்து நிறுத்துவது மாரம் புல், இங்கே ராவணன் மீசை. மரம் அரிது, தரை இறுகிக் கிடக்கும், காற்று ஓயாது.

காற்றை முதலில் படியுங்கள். மேட்டுக்குப் பின்னால் நின்றால் தீக்குச்சி அணையாது. மேலே ஏறினால் சட்டை படபடக்கும். பந்து போவது உயரத்தில் அடிக்கும் அந்தக் காற்றில்தான். காலடிப் புல்லைக் கிள்ளிப் போட்டு ஏமாறாமல், குழியில் நட்ட கொடியையும் பறவை சாய்வதையும் பாருங்கள். பழைய லிங்க்ஸ் பலவற்றில் ஒன்பது குழி ஒரே திசையில் போய், மீதி ஒன்பதில் திரும்பி வரவேண்டும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அறையும். இங்கே காலையில் கச்சான் (மேற்கே நிலத்திலிருந்து வரும் காற்று) அடித்து மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்புகிற மாதிரி, அங்கேயும் பாதி ஆட்டத்தில் திசை மாறினால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

எதிர்காற்றில் ஓங்கி அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஓங்க ஓங்கப் பந்து பின்சுழற்சி பிடித்து மேலே ஏறி, பட்டம் மாதிரி அங்கேயே நிற்கும். அங்கே நான் எட்டாம் நம்பர் அயர்னை (இரும்புத்தலை மட்டை, நம்பர் குறையக் குறையப் பந்து தாழ்ந்து தூரம் போகும்) உருவியபோது கேடி (நம்மூர் கேடி இல்லை, பை தூக்கி வருபவர்) அதை வாங்கி வைத்துவிட்டு ஆறாம் நம்பரைக் கொடுத்தார். பந்து வலது காலுக்குக் கொஞ்சம் அருகில், பிடி ஒரு அங்குலம் கீழே, பாதி ஸ்விங், அடித்தபின் கை நெஞ்சுக்கு மேல் போகக் கூடாது. பந்து பனைமர உயரம்கூட ஏறாமல் போய் விழுந்து, பாக்கி தூரத்தை உருண்டே கடந்தது. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வெளியே இருந்தாலும், பந்தை உருட்டும் மட்டையான புட்டரை எடுக்க வெட்கப்பட வேண்டாம்.

பங்கர் என்கிற மணல்பள்ளம்தான் வில்லங்கம். புல்கட்டி அடுக்கிய செங்குத்துச் சுவர். கிணற்றுக்குள் நிற்பது போல இருக்கும். கொடியைப் பார்த்தே அடித்து நான்கு முறை சுவரில் மோதவிட்டேன், ஐந்தாவது என் முழங்காலில் பட்டது. அப்புறம்தான் பக்கவாட்டில் வெளியேறப் புத்தி வந்தது. வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) முகத்தை மல்லாத்தி, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடியுங்கள். மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். அடிக்கும் முன் பந்துக்குப் பின்னால் மணலில் கிளப்பை ஊன்றினால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம்.

செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் இல்லை, ஊர்க்காரர்கள் நடக்க வருவார்கள். அன்றைக்குப் போய் 14-ஆம் குழியின் ஹெல் பங்கரை எட்டிப் பாருங்கள்.

இந்த மணல் வேலைக்குத்தான் சில்வர் பீச். அலை நனைத்த மணலில் கிளப் துள்ளும், காய்ந்ததில் புதையும். கோடு கிழித்து, பந்தே இல்லாமல் கோட்டிலிருந்து மணலை வாரிப் பழகுங்கள், கூட்டம் சேரும் முன் விடியற்காலையில். ஜனவரி முதல் மார்ச் வரை மேட்டுப் பக்கம் வேண்டாம், ஆமை முட்டையிடும் காலம்.

நேற்று தம்பி வந்தான். ஒரு மணி நேரம் கோடு கோடாக வாரினான். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, நண்டு தேடுறீங்களா?" என்று கேட்டார்.