பல பேஜ் ஃபார்ம்ல ஃப்ளோ குழம்பாம பாத்துக்குறது எப்படி

செக்அவுட், ரெஜிஸ்ட்ரேஷன்னு நாலஞ்சு பேஜா போற எதையாவது கட்டுறீங்கன்னா, எந்த ஸ்டெப்புக்கு அப்புறம் எந்த ஸ்டெப்னு கோட்ல ஒரே எடத்துல வச்சிருங்க. ஒவ்வொரு கண்ட்ரோலர்லயும் (பேஜுக்கு வர்ற ரிக்வெஸ்ட்ட கையாளுற கோட்) அடுத்த பேஜ் பேர எழுதி வச்சா, நடுவுல ஒரு ஸ்டெப் சேக்கச் சொல்றப்போ எங்கெங்க மாத்தணும்னு தேடியே நாள் போயிரும். ஸ்ட்ரட்ஸ்ங்கற ஜாவா ஃப்ரேம்வொர்க் ஓடுன காலத்துல இதுக்குன்னே எக்ஸ்எம்எல் ஃபைல் இருந்துச்சு, அது நீண்டுகிட்டே போய் கண்ணக் கட்டும், ஆனா ஐடியா சரிதான். இப்ப சின்னதா ஒரு மேப், அதாவது எந்த ஸ்டெப்புக்கு அடுத்து எதுங்கற பட்டியல், போதும்.

அடுத்து, ஃபார்ம் சப்மிட்டாகி போஸ்ட் ரிக்வெஸ்ட் வந்தா டேட்டாவ சேவ் பண்ணிட்டு அடுத்த பேஜோட யூஆர்எல்லுக்கு ரீடைரக்ட் பண்ணுங்க, நேரா அடுத்த பேஜ ரெண்டர் பண்ணா யூசர் ரெஃப்ரெஷ் அடிக்குறப்போ அதே ஃபார்ம் மறுபடி போகும். ஹெச்டிடிபி ஸ்டேட்டஸ் 303 குடுங்க, அப்போ ப்ரவுசர் அடுத்த யூஆர்எல்ல போஸ்ட் பண்ணாம சும்மா கேக்கும். 307 வேண்டவே வேண்டாம், அது அடுத்த யூஆர்எல்லுக்கும் போஸ்ட்டாவே போகும். வேலிடேஷன்ல அடிபட்டா மட்டும் அதே பேஜ எரரோட காட்டலாம், ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்ல டர்போ (முழு பேஜும் லோடாகாம மாத்துற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி) ஓடுதுன்னா அப்போ 422ங்கற எரர் ஸ்டேட்டஸ் குடுக்கணும், 200 குடுத்தா எரர் ஸ்க்ரீனுக்கே வராது.

பெரிய தலவலி செஷன், அதாவது யூசருக்குன்னு சர்வர் வச்சிருக்குற தற்காலிக டேட்டாதான். எல்லா டேட்டாவையும் செஷன்ல ஒரே கீல போட்டீங்கன்னா, யூசர் ரெண்டு டேப் தொறந்ததும் ஒண்ணோட டேட்டா மேல இன்னொண்ணு எழுதிரும். அதனால ஃப்ளோ ஆரம்பிக்கும்போதே ஒரு ஐடி உருவாக்கி யூஆர்எல்ல வைங்க, டேட்டாவ அந்த ஐடிக்குக் கீழ வைங்க, அந்த ஐடி இந்த யூசரோடதுதானான்னு ஒவ்வொரு தடவையும் செக் பண்ணுங்க. ஸ்ப்ரிங் வெப் ஃப்ளோங்கற ஜாவா லைப்ரரி யூஆர்எல்ல இ1எஸ்2ன்னு ஒட்டிக்கிட்டு வருதே, அது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

பேக் பட்டன தடுக்கப் பாக்காதீங்க, ஜாவாஸ்க்ரிப்ட்ல அத மடக்குறது யூசருக்கு எரிச்சல்தான். எந்த ஸ்டெப்ப கேட்டாலும் சர்வர்ல முடியாம இருக்குற முதல் ஸ்டெப் எதுன்னு பாருங்க, அதத் தாண்டிக் கேட்டா அங்கயே திருப்பி அனுப்புங்க, அதுக்கு முன்னாடி உள்ளதக் கேட்டா காட்டிருங்க. யூஆர்எல்ல மாத்தி நேரா பேமெண்ட்டுக்குத் தாவுறவங்களும் இதுலயே மாட்டிருவாங்க. பின்னாடி போய் அட்ரஸ மாத்துனா டெலிவரி சார்ஜும் மாறும்ல, அதனால எது மாறுனா எந்த ஸ்டெப் செல்லாதுன்னும் அதே மேப்ல எழுதிருங்க, நெறய பேர் விடுறது இதத்தான்.

கடைசி சப்மிட்டுக்கு ஃப்ளோ ஐடி மேல டேட்டாபேஸ்லயே யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே ஐடி ரெண்டு தடவ பதிவாகக் கூடாதுங்கற விதி) போடுங்க, டபுள் கிளிக் ஆனாலும் ஆர்டர் ஒண்ணுதான் விழும். முடிஞ்சதும் ஃப்ளோ டேட்டாவ அழிச்சிட்டு, பழைய யூஆர்எல்லுக்கு யாராவது வந்தா கன்ஃபர்மேஷன் பேஜுக்கு அனுப்பிருங்க.