சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் நடப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சான் பிரான்சிஸ்கோவுக்குப் புதிதாக வருபவர்கள் கைப்பேசியில் வழியைத் தேடி, ஒன்றரை கிலோமீட்டர்தானே என்று கிளம்பி, நான்கு தெருக்களைத் தாண்டுவதற்குள் மூச்சுவாங்கி நின்றுவிடுவது வழக்கம். குறை அவர்களுடைய உடலில் இல்லை. 1847இல் ஜாஸ்பர் ஓஃபாரல் அளந்து வகுத்த கட்டம் கட்டமான தெரு அமைப்பு, நகரம் வளர வளர மேடு பள்ளம் பாராமல் நீட்டிக்கப்பட்டது. ஊட்டிச் சாலை மலையைச் சுற்றி வளைந்து ஏறும். இங்கோ தெரு மலைமேல் நேராக ஏறி, மறுபுறம் நேராக இறங்கிவிடும். ஆகவே இங்கே நடக்கப் பழகுவது என்பது பெரும்பாலும் உயரத்தைக் கணக்கிடப் பழகுவதுதான்.

முதல் படி: வரைபடத்தில் உயரத்தைப் பாருங்கள்

ஓப்பன்டோப்போமேப் போன்ற, சம உயரக் கோடுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் சரிவு கடுமையாக இருக்கும். விலகியிருக்கும் இடத்தில் நடை எளிது. நீங்கள் போகவேண்டிய தெரு இந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்கிறதா, அவற்றோடு ஒட்டிச் செல்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். ஹைட், லெவன்வொர்த் தெருக்களுக்கு இடைப்பட்ட ஃபில்பர்ட் தெருவின் சரிவு 31.5 சதவீதம், அதாவது கிடைமட்டமாக 100 மீட்டர் செல்வதற்குள் 31.5 மீட்டர் ஏறவேண்டிய சரிவு அது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். இருபதைத் தாண்டினால் வேறு தெரு தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பள்ளத்தில் ஓடும் தெருக்களை மனத்தில் பதியுங்கள்

நகரின் வடகிழக்குப் பகுதியில் நாப் ஹில், ரஷ்யன் ஹில், டெலிகிராஃப் ஹில் என்று மூன்று குன்றுகள் இருக்கின்றன. ரஷ்யன் ஹில்லுக்கும் டெலிகிராஃப் ஹில்லுக்கும் இடையிலுள்ள தாழ்வான நிலத்தில் கொலம்பஸ் அவென்யூ மூலைவிட்டமாகச் செல்கிறது. மேற்கே, நாப் ஹில்லையும் ரஷ்யன் ஹில்லையும் ஒதுக்கிவிட்டு வடக்கே போக போல்க் தெரு உதவும். கடலோரமாகச் செல்லும் எம்பார்கடேரோ சாலை முழுவதும் சமதளம். இந்த மூன்றையும் அறிந்தவர், இரண்டு தெரு சுற்றிப் போனாலும் களைப்பின்றிப் போய்ச் சேர்வார்.

சுரங்கப்பாதைகளும் உண்டு. 1914இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன் சுரங்கம், யூனியன் ஸ்கொயர் பக்கத்திலிருந்து சைனாடவுனுக்கு மேடேறாமல் கொண்டு சேர்க்கிறது; உள்ளே நடைபாதை இருக்கிறது. பிராட்வே சுரங்கத்திலும் நடக்கலாம், ஆனால் வாகன இரைச்சலும் புகையும் மிகுதி என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாம் படி: ஏறவும் இறங்கவும் பழகுங்கள்

ஏறும்போது அடிகளைச் சிறிதாக்கி, ஒரே சீரான வேகத்தில், தொடர்ந்து பேசமுடிகிற அளவுக்கு மட்டும் ஏறுங்கள். வேகமாக ஏறி, நின்று, மீண்டும் வேகமாக ஏறுவதுதான் அதிகமாகக் களைப்பூட்டும்.

இறக்கம் எளிது என்று எண்ணிவிடவேண்டாம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கவேண்டியிருப்பதால், மறுநாள் வரும் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பெரும்பாலும் காரணமாகிறது. முழங்கால் மூட்டுக்கும் அப்போதுதான் சுமை கூடுகிறது. முழங்காலைச் சற்றே மடக்கி, உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல், குறுகிய அடிகளாக வைத்து இறங்குங்கள். வழுவழுப்பான அடிப்பாகம் கொண்ட காலணி வேண்டாம். விரல்கள் முன்பக்கம் இடிக்காதபடி கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சாலையைக் கடக்கும்போது தெருமுனையிலேயே கடக்கவேண்டும். மேட்டின் உச்சியை நெருங்கும் ஓட்டுநருக்கு மறுபக்கத்துச் சரிவில் நிற்பவர் தெரியமாட்டார். வீடுகளின் கார் நிறுத்துமிடங்கள் நேரே நடைபாதையில் திறப்பதால், பின்னோக்கி வரும் கார்களையும் கவனிக்கவேண்டும். கோடையானாலும் மூடுபனியும் கடற்காற்றும் உண்டு. மேலே ஏறி வியர்த்த உடல் உச்சியில் சட்டென்று குளிர்ந்துவிடும் என்பதால் மெல்லிய மேலங்கி ஒன்று கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: ஒரு முழு நடை

யூனியன் ஸ்கொயரிலிருந்து டெலிகிராஃப் ஹில் உச்சியிலுள்ள கோயிட் கோபுரத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பவல் தெருவில் நேரே வடக்கே நடந்தால் நாப் ஹில்லின் தோள்மீது ஏறி இறங்கவேண்டும். அதற்குப் பதிலாக ஸ்டாக்டன் தெருவில் சுரங்கத்தைக் கடந்து, காய்கறிக் கடைகளும் மீன் கடைகளும் நெருங்கிய சைனாடவுன் வழியாக வடக்கே சென்று, கொலம்பஸ் அவென்யூவைத் தொட்டு, வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவை அடையுங்கள். இதுவரை பெரிய ஏற்றமே இல்லை. பூங்காவில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஃபில்பர்ட் தெருவில் கிழக்கே திரும்புங்கள். ஏற்றம் இங்கேதான் தொடங்குகிறது. மேலே செல்லச் செல்ல நடைபாதையே படிக்கட்டாக மாறிவிடும்.

1933இல் கட்டி முடிக்கப்பட்ட கோபுரத்தையும் வளைகுடாவையும் பார்த்த பிறகு, கிழக்குப் பக்கமாக ஃபில்பர்ட் படிக்கட்டில் இறங்கலாம். முற்காலத்தில் கல் உடைத்து எடுத்ததால்தான் இந்தப் பக்கம் செங்குத்துப் பாறையாக நிற்கிறது. வாகனத் தெரு போடமுடியாத அந்தச் சரிவில் படிக்கட்டே தெருவாக இருக்கிறது, வீடுகளின் வாசல்களும் அதன்மீதே திறக்கின்றன. குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த சரிவை கிரேஸ் மார்ச்சன்ட் என்ற பெண்மணி தோட்டமாக மாற்றினார். அவர் பெயரிலேயே அது இன்றும் பேணப்படுகிறது. நகரத்தில் நடப்பவருக்கு இதைவிட அழகான இறக்கம் கிடைப்பது அரிது. கீழ்ப்பகுதியில் மரப்படிகள் இருப்பதால், பனி ஈரமோ மழையோ இருந்தால் கைப்பிடியை விடாதீர்கள். சான்சம் தெருவில் இறங்கியதும் எம்பார்கடேரோ அருகில்தான். அதன் வழியே ஃபெரி பில்டிங் என்ற படகுத்துறைக் கட்டடம் வரை சமதளத்தில் நடந்து திரும்பலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் இதே பாதையைத் திருப்பிக்கொள்ளவேண்டும்: சான்சம் தெருவிலிருந்து படிகளில் நிதானமாக ஏறி, கோபுரத்திலிருந்து 39ஆம் எண் பேருந்தில் வாஷிங்டன் ஸ்கொயருக்கு இறங்கிவிடலாம். குழந்தை வண்டியோடு வருபவர்களுக்குப் படிக்கட்டு எந்தத் திசையிலும் ஒத்துவராது; அவர்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்தப் பேருந்தையே பயன்படுத்தவேண்டும்.