குடைவரைச் சிற்பத்தைப் படம் எடுப்பது எப்படி? மாமல்லபுரத்தில் ஆரம்பிக்கலாம்

குடைவரைக்குள், அதாவது பாறையைக் குடைந்து செய்த குகைக்குள், எடுக்கிற படங்கள் பலவற்றில் சிற்பம் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி தட்டையாகத் தெரியும். அதற்கு கேமரா காரணமில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுப்பதுதான் காரணம். கையில் போன் இருந்தாலே போதும், கீழே சொல்வதை அப்படியே செய்து பார்க்கலாம். உதாரணத்துக்கு மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையை எடுத்துக்கொள்கிறேன். பல்லவர் வேலை, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படி 1: குகை எந்தத் திசையைப் பார்க்கிறது?

கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள். சுவரிலிருந்து புடைத்து நிற்கிற புடைப்புச் சிற்பத்தின் ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல்தான், அந்த நிழல் விழ வேண்டுமென்றால் ஒளி பக்கவாட்டில் சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். மாமல்லபுரத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே இருப்பது கருங்கல், அஜந்தா எல்லோராவில் இருக்கும் எரிமலைப் பாறையைவிடக் கடினமானது, அதனால் பல இடங்களில் செதுக்கல் ஆழமில்லாமல் மெதுவாக வளைந்து போகும். நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால் அந்த வளைவெல்லாம் காணாமல் போய்விடும்.

இந்தக் குகை கிழக்கு பார்த்தது. பெரிய சிற்பங்கள் இரண்டும் பக்கச் சுவர்களில் இருக்கின்றன: வடக்குச் சுவரில் துர்க்கை மகிஷனோடு போரிடுகிறாள், தெற்குச் சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். ஆக, வாசல் வழியாக வருகிற காலை வெளிச்சம் தானாகவே பக்கவாட்டு ஒளியாகிவிடுகிறது, நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் வடக்குச் சுவருக்கு, அதாவது துர்க்கைக்கு, வெளிச்சம் கூடுதல். ஆனி மாதத்தில் வடகிழக்கிலிருந்து வருவதால் திருமாலின் பக்கம் தெளிவாக இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். நேர் வெயில் உள்ளே விழும்போது தூண்களின் நிழல் பட்டைபட்டையாகச் சிற்பத்தின் மேல் விழலாம். அப்படி விழுந்தால் காத்திருங்கள். வெயில் விலகிய பிறகும் வாசலிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும், அந்த மென்மையான ஒளிதான் எனக்குப் பிடித்தது.

படி 2: முதலில் பாருங்கள், முடிந்தால் வரையுங்கள்

துர்க்கையின் முன்னால் நின்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் முக்கியமான கோடுகளை மட்டும் இழுத்துப் பாருங்கள். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வில்லை இழுத்தபடி அவள் இடதுபுறமிருந்து வருகிறாள், வலதுபுறத்தில் எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன் கையில் கதாயுதத்தோடு பின்னால் சாய்கிறான், உடம்பு விலகிப் போகிறது, முகம் மட்டும் அவளைப் பார்த்தபடி இருக்கிறது. கோடு போட்டால்தான் அந்தச் சாய்வு புரியும், மொத்தச் சிற்பமும் ஒரே திசையில் தள்ளப்படுவது தெரியும். இன்னொன்றும் பாருங்கள்: அவள் வாசலை நோக்கி வருவதால் வெளிச்சம் அவளுக்கு முன்பக்கமாக விழுகிறது. சிற்பி இதை யோசித்துத்தான் செய்தார் என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் எதிர்ச்சுவருக்குத் திரும்புங்கள். அங்கே எல்லாமே படுக்கைக் கோடு, நீட்டிப் படுத்த உடல். கால்மாட்டில் மது, கைடபர் என்ற அசுரர்கள் இருவர் மட்டும் சண்டைக்குத் தயாராக நிற்கிறார்கள். ஒரு சுவரில் வேகம், எதிர்ச்சுவரில் உறக்கம். எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்ற முடிவு இங்கேதான் வர வேண்டும்.

படி 3: செட்டிங்

பிளாஷை அணைத்துவிடுங்கள். அது நேர் எதிரே அடிக்கிற வெளிச்சம், முதல் படியில் சொன்னது அத்தனையும் வீணாகிவிடும். போனில் எச்.டி.ஆர், நைட் மோட் இரண்டையும் அணைக்க முடிந்தால் அணையுங்கள், அவை நிழலைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கும். திரையில் சிற்பத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை)ப் பூட்டி, பிறகு கொஞ்சம் இறக்குங்கள்.

கேமரா வைத்திருந்தால் எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் 1/60-க்குக் குறையாமல், ஐ.எஸ்.ஓ 800 முதல் 1600 வரை. ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள். ட்ரைபாட் வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அது இல்லாமலே சமாளிக்கலாம்: தரையில் உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். நடுக்கம் குறையும் என்று சுவரிலோ தூணிலோ சாயாதீர்கள். கைப்பிசுக்கு கல்லில் ஏறிக்கொண்டே போகும், தயவுசெய்து தொடாதீர்கள்.

படி 4: எங்கே நிற்பது

வைட் லென்ஸ் வேண்டாம், ஓரங்களில் உருவங்கள் இழுபடும். எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். போனைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். முழுச் சிற்பத்தையும் எடுத்த பிறகு சின்னச் சின்னப் பகுதிகளுக்குப் போங்கள், வில் பிடித்த கை, பூதகணங்களின் முகம், இப்படி.

மற்ற இடங்களுக்கும் இதே கணக்குதான். அதே மாமல்லபுரத்தில் இருக்கும் வராக குகை மேற்குப் பார்த்தது, பிற்பகலில் போங்கள். அங்கே பக்கச் சுவர்களில் இருக்கிற வராகரும் திரிவிக்கிரமரும் அருமையாக வருவார்கள், ஆனால் பின்சுவரில் இருக்கும் கஜலட்சுமிக்கு ஒளி நேராக விழுவதால் சாயங்கால வெயில் சரிப்படாது. திறந்தவெளியில் இருக்கும் அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை, அதிகாலை வெயில் அதில் நேராக அடிக்கும். நண்பகல் நெருங்கும்போது ஒளி மேலிருந்து பாறையை உரசி இறங்கும், தவம் செய்கிற பூனையை அப்போது எடுங்கள்.

படி 5: எடிட்

கொஞ்சமாகச் செய்யுங்கள். கல் ஆரஞ்சாகவோ நீலமாகவோ வந்திருந்தால் ஒயிட் பேலன்ஸைச் சரி செய்யுங்கள். கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது, நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். விவரங்களைக் கூர்மையாக்கும் கிளாரிட்டியை ஏற்றி ஏற்றி உளித் தடத்தைச் சொறி மாதிரி ஆக்கிவிடாதீர்கள், பல்லவச் சிற்பத்தின் அழகே அந்த வழவழப்பான உடல்தான்.

இது பழகிய பிறகு திருச்சி மலைக்கோட்டையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த மேல் குகைக்குப் போங்கள். அது தெற்குப் பார்த்தது, மேற்குச் சுவரில் கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன். எந்த நேரத்தில் போக வேண்டும் என்று இப்போது நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.